கோவில் தமிழ் வகுப்பு ஆசிரியர் ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக அவரை நீக்கலாமா? (டர்பன்)

கோட்டாறு_மருமகள்

வணக்கம். வேண்டுமென்றேதான் தமிழில் கேட்கிறேன். எங்கள் கமிட்டியில் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் நானும் இன்னொரு ஐயாவும்தான். ஆங்கிலத்தில் போட்டால் சாயங்காலத்துக்குள் ஸ்க்ரீன்ஷாட் டிரஸ்டிகள் கையில் இருக்கும்.

நான் நாகர்கோவில்காரி, கல்யாணமாகி டர்பன் வந்தவள். சாட்ஸ்வர்த்தில் ஒரு மாரியம்மன் கோவில் கமிட்டியில் செயலாளர் வேலை பார்க்கிறேன். கோவில் பெயர் வேண்டாம். சனிக்கிழமைகளில் அங்கே தமிழ் வகுப்பு நடக்கிறது. அதை நடத்தும் தம்பி இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தாத்தாவிடம் தமிழ் கற்றவர், பெட்ரோல் காசு கூட வாங்காமல் வருகிறார். பிள்ளைகளுக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம்.

ஜூலை மாதம், முன்னாள் அதிபர் ஜூமாவைச் சிறையில் போட்டதும் 2021இல் கலவரம் வெடித்ததே, அந்த வாரத்தின் நினைவு நாட்களில், அவர் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு பதிவு போட்டார். சாரம் இதுதான்: அந்த வாரம் நம் ஆட்கள் தெருவுக்குத் தெரு போட்ட தடுப்புகளில் காவல் மட்டும் நடக்கவில்லை, கொலையும் நடந்தது, செத்தவர்கள் பெயர் கூட நமக்குத் தெரியாது, அதைப் பற்றி வாயே திறக்காமல் ஆடி மாதம் கூழ் ஊற்றி யாரை ஏமாற்றுகிறோம். இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கடைசியில், "தடுப்பில் நின்ற அங்கிள்மார் எல்லாரும் சாட்சிகள், வாய் மூடிய சாட்சி பாதிக் கொலைகாரன்" என்று ஒரு வரி. அவருடைய பக்கத்தில் முகப்புப் படம் எங்கள் கோவில் கோபுரம். பெயருக்குக் கீழே கோவில் தமிழ் வகுப்பு ஆசிரியர் என்றும் போட்டிருக்கிறார்.

அப்புறம் கேட்க வேண்டுமா. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. அவரை நீக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒரு டிரஸ்டி இது வெறுப்புப் பேச்சு, மனித உரிமை ஆணையத்துக்குப் போவேன் என்கிறார். இன்னொருவர், சனநாயக நாடு, யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம், விட்டுவிடுங்கள் என்கிறார்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இப்போது ஆணையத்துக்குப் போவேன் என்று நிற்கிற அதே டிரஸ்டி, போன வருஷம் கோவில் வாட்ஸாப் குழுவில் ஒரு ஆடியோ அனுப்பினார். பக்கத்து குடிசைப் பகுதியிலிருந்து வரும் ஜூலு மக்களை என்னென்ன விலங்குகளோடு ஒப்பிட்டார் என்று இங்கே எழுதக் கூசுகிறது. குழுவில் கிட்டத்தட்ட இருநூறு பேர். சிலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். யாரும் கையெழுத்து வாங்கவில்லை. நானும் அப்போது எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே கேட்பீர்கள்.

இந்தத் தம்பி எழுதியது சட்டப்படி தப்பா? தப்பில்லை என்றாலும் கோவில் அவரை நிறுத்தலாமா? அந்த ஆடியோவை இப்போது எடுத்தால் பழிவாங்குவது போல ஆகிவிடுமா? அடுத்த மாதம் கூட்டம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெருலம்_பையன்

அக்கா, நிறுத்திவிடுங்கள், அவ்வளவுதான். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அரசியலையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். அவர் வீட்டுச் சுவரில் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், கோபுரப் படத்தை எடுத்துவிட்டு எழுதட்டும். ஆடியோ பழைய கதை, அதை ஏன் இப்போது கிளறுகிறீர்கள்.

மாரிட்ஸ்பர்க்_வக்கீல்

பழைய கதை என்று தம்பி சுலபமாகச் சொல்லிவிட்டார். சட்டப்படி பார்த்தால் இந்த இரண்டில் ஆபத்தானது அந்தப் பழைய கதைதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது பொதுவான விளக்கம், உங்கள் கோவிலுக்கான சட்ட ஆலோசனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் அரசியல் சட்டத்தில் 16ஆம் பிரிவு பேச்சுரிமை. முதல் பாதி தாராளமானது: பத்திரிகை, கருத்தைச் சொல்வது, கேட்பது, கலை, ஆராய்ச்சி எல்லாம் அதில் அடங்கும். இரண்டாம் பாதியில் மூன்றை மட்டும் வெளியே தள்ளியிருக்கிறார்கள். போருக்கான பிரச்சாரம், உடனடி வன்முறைக்குத் தூண்டுவது, அப்புறம் இனம், இனக்குழு, பாலினம், மதம் இவற்றின் பெயரால் வெறுப்பை வளர்த்துக் கேடு செய்யத் தூண்டுவது. இந்த மூன்றுக்கும் பாதுகாப்பு கிடையாது. "சனநாயக நாடு, எதையும் பேசலாம்" என்ற உங்கள் இரண்டாவது டிரஸ்டி அமெரிக்கப் படங்கள் நிறையப் பார்க்கிறார் போல. இங்கே அப்படிக் கிடையாது.

இதற்கு மேல் 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. அதன் 10ஆம் பிரிவுதான் வெறுப்புப் பேச்சைத் தடுக்கிறது. அந்தப் பிரிவு எவ்வளவு தூரம் போகலாம் என்பது ஜோன் க்வெலானே வழக்கில் முடிவானது. அவர் பெரிய பத்திரிகையாளர், நிறவெறிக் காலத்தில் அரசை எதிர்த்து எழுதியவர். 2008இல் ஒரு ஞாயிறு பத்திரிகையில் ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்தி ஒரு பத்தி எழுதினார். வழக்கு வருஷக்கணக்காக இழுத்து, 2021 ஜூலையில்தான் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதற்குள் அவரே இறந்துவிட்டார். நீதிபதி மஜீட் எழுதிய அந்தத் தீர்ப்பு இரண்டு வேலை செய்தது. பத்தி வெறுப்புப் பேச்சுதான் என்றது. அதே கையோடு, கேட்டவர் மனம் புண்பட்டாலே போதும் என்று சட்டத்தில் இருந்த அளவுகோலை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீக்கியது. இப்போது, கேடு செய்யும் அல்லது கேட்டுக்குத் தூண்டும் எண்ணம் இருப்பதாக நியாயமான ஒருவருக்குத் தெரிய வேண்டும், வெறுப்பை வளர்ப்பதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர வேண்டும்.

உங்கள் ஆசிரியர் பதிவை இதில் வைத்துப் பாருங்கள். கடைசி வரி முரட்டுத்தனமானது, ஒத்துக்கொள்கிறேன். பெற்றோர் மனம் நிஜமாகவே புண்பட்டிருக்கும். ஆனால் தன் சொந்த ஜனங்களைப் பார்த்து "நடந்ததைப் பேசுங்கள்" என்று ஒருவர் கத்துவது வெறுப்பை வளர்ப்பது ஆகாது. ஆணையத்துக்குப் போனாலும் இது நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவதூறு என்று யாராவது கிளம்பினால்? பெயர் சொல்லவில்லை, "அங்கிள்மார் எல்லாரும்" என்பது பெரிய கூட்டம், அதில் ஒருவர் எழுந்து "என்னைத்தான் சொன்னார்" என்று நிரூபிப்பது கஷ்டம். ஆனால் பதிவுக்குக் கீழே கருத்துகளில் யாராவது குறிப்பிட்ட ஆளின் பெயரையோ வீட்டு எண்ணையோ போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது தனி விஷயம். 2013இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், தான் ஒரு வரி கூட எழுதாத ஒருவரையும் பொறுப்பாளி ஆக்கியது, காரணம் அவதூறான பதிவுகளில் தன் பெயர் இணைக்கப்பட்டது தெரிந்தும் அவர் விலகிக்கொள்ளவில்லை. நஷ்டஈடு 40,000 ரேண்ட். ஆசிரியரிடம் இதை உடனே சொல்லுங்கள்.

இனி ஆடியோ. 2016 புத்தாண்டு சமயத்தில் நம் தெற்குக் கடற்கரையில் ஒரு வீட்டுத் தரகர், கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களைக் குரங்குகள் என்று ஃபேஸ்புக்கில் எழுதியது எல்லாருக்கும் நினைவிருக்கும். சமத்துவ நீதிமன்றம் 1,50,000 ரேண்ட் கட்டச் சொன்னது. 2018இல் ராண்ட்பர்க்கில் ஒரு பெண்மணி, உதவிக்கு வந்த கறுப்பினக் காவலரை கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் கேவலமான சொல்லால் திரும்பத் திரும்பத் திட்டியதற்கு மூன்று வருஷம் சிறைத் தண்டனை பெற்றார், அதில் ஒரு வருஷம் நிறுத்தி வைக்கப்பட்டது. விலங்கோடு ஒப்பிட்ட குரல் பதிவு இருநூறு பேர் கையில் இருக்கிறது என்றால் அதைத் தனிப்பட்ட பேச்சு என்று எந்த வக்கீல் வாதாடுவார் என்று யோசியுங்கள். நான் மாட்டேன். சமத்துவ நீதிமன்றத்தில் வழக்குப் போட வக்கீலும் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. அந்த இருநூறு பேரில் ஒருவர் வீட்டில் வேலை செய்யும் அக்கா அதைக் கேட்டிருந்தால் போதும்.

பீனிக்ஸ்_காரன்_தான்

வக்கீல் அம்மா நன்றாகச் சட்டம் பேசுகிறீர்கள், ஆனால் நீங்கள் மாரிட்ஸ்பர்க், அந்த அக்கா சாட்ஸ்வர்த், நான் அந்தத் தடுப்புகள் நின்ற பீனிக்ஸ், டர்பன் பக்கத்து இந்தியர் பகுதி, அந்த ஆசிரியர் எங்கே இருந்தார் என்று யாராவது கேட்டீர்களா. 2021 ஜூலை 12ஆம் தேதி ராத்திரி என் தெருவில் விளக்கில்லை, அவசர எண்ணை அடித்தால் எடுக்க ஆளில்லை, ரொட்டி இல்லை, கடை எரிகிற புகை மூக்கில், வாட்ஸாப்பில் நிமிஷத்துக்கு ஒரு ஆடியோ, "வருகிறார்கள், அடுத்த தெருவுக்கு வந்துவிட்டார்கள்" என்று, அதில் எது நிஜம் எது பொய் என்று பார்க்க யாருக்குப் புத்தி இருந்தது. நான் ஒரு கிரிக்கெட் மட்டையோடு தெருமுனையில் நின்றேன். என் வயசு என்ன, உடம்பு என்ன, யாரை அடித்திருப்பேன். என்னைப் பாதிக் கொலைகாரன் என்று கோபுரப் படம் போட்டு எழுதினால் நான் சிரிக்க வேண்டுமா?

எல்லாரும் எங்களை மட்டும் சொல்கிறார்கள். அதிபர் அமைத்த நிபுணர் குழுவே 2022இல் அரசாங்கம் தன் கடமையில் தோற்றது என்று எழுதியது. ஜூமாவைச் சிறையில் போட்டதற்கு நாங்களா காரணம். நாடு முழுக்க 350 பேருக்கு மேல் செத்தார்கள், எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது பீனிக்ஸ் ஒன்றுதான், பெயருக்குப் பின்னால் படுகொலை என்று ஒட்டி ஹாஷ்டேக் வேறு.

இன்னொன்று. 2018இல் எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான மலேமா மேடை ஏறி இந்தியர்களில் பெரும்பாலோர் இனவெறியர்கள் என்றார். அப்போது நாம் எல்லாரும் என்ன சொன்னோம்? ஒட்டுமொத்தமாக ஒரு சமூகத்தையே சொல்வது தப்பு என்றோம். இந்தத் தம்பி "எல்லாரும்" என்று எழுதியதும் அதே வேலைதான். நம் ஆள் சொன்னால் சுயவிமர்சனம், அவர் சொன்னால் வெறுப்பா?

நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கரும்புத்தோட்டம்

பீனிக்ஸ் தம்பி சொன்ன கடைசிப் பத்தி எனக்கும் சரியாகவே பட்டது. "எல்லாரும்" என்ற ஒன்றை எடுத்துவிட்டால் அந்தப் பதிவில் நான் மறுக்கிறதற்கு எதுவும் இல்லை. ஏனென்றால் பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் செத்தார்கள் என்பது அரசே சொன்ன கணக்கு. அதில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், பெரும்பாலும் துப்பாக்கிச் சூடு. கிரிக்கெட் மட்டை யாரையும் சுடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். யாரோ சுட்டார்கள்.

நான் கொஞ்சம் வயதானவன், பழைய வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஒரு பாடமாக எடுத்துப் படித்தவன், அதனால் பழைய விஷயம் ஒன்று சொல்கிறேன். 2002இல் எம்போங்கெனி நிகேமா ஜூலு மொழியில் ஒரு பாட்டுப் போட்டார், "அமாந்தியா", இந்தியர்கள் என்று பொருள். ஜூலு மக்களின் ஏழ்மைக்கு இந்தியர்கள்தான் காரணம் என்கிற மாதிரிப் போகும், ஆண்கள் எழுந்து எதிர்த்து நிற்க வேண்டும் என்று கேட்கும். அப்போது டர்பனில் நம் ஜனங்கள் பட்ட பயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியர்கள் மேல் வெடித்த கலவரத்தைப் பார்த்த கிழவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். அந்தக் கலவரத்தில் 142 பேர் செத்ததாக அரசுக் கணக்கு, அதிலும் கறுப்பின மக்கள்தான் அதிகம், நம் வீட்டில் சொல்லும் கதையில் அது மட்டும் வராது. ஆக 2002இல் கூட்டம் போட்டோம், மனு கொடுத்தோம், மனித உரிமை ஆணையம் புகாரைக் கொண்டுபோனது, ஒலிபரப்புப் புகார் ஆணையம் அது வெறுப்புப் பேச்சு என்று சொன்னது. அன்றைக்கு நிகேமா என்ன வாதாடினார் தெரியுமா? நான் கலைஞன், மக்கள் மனதில் இருப்பதைச் சொன்னேன், பேசித் தீர்க்கத்தான் பாடினேன் என்றார். நம்மில் ஒருவர் கூட, பாவம் அவருக்கும் பேச்சுரிமை இருக்கிறது என்று சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பயம் வந்தால் யாருக்கும் தோன்றாது.

இருபது வருஷத்தில் நாம் எந்தப் பக்கம் வந்து நிற்கிறோம் பாருங்கள். ஆடியோ அனுப்பிய டிரஸ்டியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆசிரியருக்கு மட்டும் சட்டம் வேண்டுமாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம், வேறென்ன.

வாயை அடைப்பது எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? நிறவெறி அரசை எதிர்த்த ஃபாத்திமா மீர் இந்த டர்பனில்தான் இருந்தார். தடை உத்தரவு போட்டால் கூட்டத்துக்குப் போகக் கூடாது, அவர் சொன்னதைப் பத்திரிகை மேற்கோள் காட்டக் கூடாது, உயிரோடு இருக்கும்போதே ஆளைக் காற்றாக்கிவிடுவார்கள். 1977 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் பத்திரிகைகளையும் இயக்கங்களையும் சேர்த்துத் தடை செய்தார்கள். அப்போது சாதாரண மனிதர்கள் செய்ததெல்லாம் ஒன்றுதான், எதற்கு வம்பு என்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அரசாங்கம் பாதி வேலை செய்தால் மீதியை நாம் செய்து கொடுத்தோம். பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்துகிற பெற்றோர் மேல் எனக்குக் கோபம் வருவது அதனால்தான், அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது என்று தெரிந்தும்.

வெருலம்_பையன்

ஐயா, நிறவெறி அரசையும் நாலு அம்மாக்கள் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பாததையும் ஒரே தராசில் போடுகிறீர்கள். பிடிக்காத வாத்தியாரிடம் அனுப்பாமல் இருப்பதும் ஒரு கருத்துதானே?

கரும்புத்தோட்டம்

கருத்துதான். கையெழுத்து வாங்கி ஆளை வெளியேற்றுவது அடுத்த படி. அனுப்பாமல் இருக்கட்டும், அதோடு நிற்கட்டும் என்கிறேன்.

சாண்டன்_தமிழன்

நான் சென்னையிலிருந்து வந்து ஜோபர்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், பழைய வரலாறு பேசும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் வேலையிடம் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் சமூக ஊடகப் பயிற்சி என்று உட்கார வைத்து ஒரு வழக்கு சொன்னார்கள். பெரிய துணிக்கடைக் குழுமம் ஒன்றில் வேலை பார்த்த ஒருவர், விடுமுறையில் இருந்தபோது, சொந்த ஃபேஸ்புக்கில் அரசாங்கத்தைக் குரங்குகள் என்று எழுதினார். வேலை நேரம் இல்லை, அலுவலகக் கம்ப்யூட்டர் இல்லை. இருந்தும் பணிநீக்கம் செய்தது சரிதான் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2019இல் சொன்னது, ஏனென்றால் அவர் பக்கத்தில் அந்தக் கம்பெனி பெயர் இருந்தது, வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துத்தான் கொதித்தார்கள்.

அதனால் கோபுரப் படம் சின்ன விஷயமில்லை. வெருலம் நண்பர் சொன்னதில் அந்தப் பாதி எனக்குச் சரி. அரசாங்கம் உங்களைச் சிறையில் போடக் கூடாது என்பது ஒன்று, கோவில் தன் பெயரை உங்கள் பேச்சின் மேல் ஒட்ட விடாது என்பது வேறு. 2017இல் ஹெலன் ஸில் காலனி ஆட்சியில் எல்லாமே கெடுதல் இல்லை என்கிற மாதிரி ட்வீட் போட்டாரே, அவரை யாரும் கைது செய்யவில்லை, அவர் கட்சிதான் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது, மன்னிப்புக் கேட்க வைத்தது. மாகாண முதல்வராகவும் நீடித்தார். எல்லாத் தவறுக்கும் விலை வேலைதான் என்று ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

கோட்டாறு_மருமகள்

எல்லாருக்கும் நன்றி. பீனிக்ஸ் அண்ணா, உங்களுக்குத் தனியாக. ஆசிரியர் தம்பியிடம் பேசினேன். அந்த வாரம் அவர் பீனிக்ஸில்தான் இருந்திருக்கிறார், அவர் அக்கா வீட்டில். அவரும் தடுப்பில் நின்றிருக்கிறார். அங்கே ஒரு பையனை காரிலிருந்து இறக்கினார்களாம், தான் வீட்டுக்குள் போய்விட்டதாகச் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "எல்லாரும்" என்று எழுதியபோது தன்னையும் சேர்த்துத்தான் எழுதினாராம். பதிவைப் படிக்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன், பதில் இல்லை.

வக்கீல் அம்மா சொன்னபடி கருத்துகளைப் பார்த்தேன். ஒருவர் நிஜமாகவே ஒரு கடைக்காரர் பெயரைப் போட்டிருந்தார். தம்பி அதை நீக்கிவிட்டார். கோபுரப் படத்தையும் எடுக்கச் சம்மதித்துவிட்டார். பதிவை எடுக்க மாட்டேன், அந்த வரியை மட்டும் மாற்றி, மாற்றியதையும் சொல்லி எழுதுகிறேன் என்கிறார்.

இப்போது என் சிக்கல் ஆடியோ. கூட்டத்தில் அதை எடுத்தால் டிரஸ்டி என் மேல் பாய்வார், என் வீட்டுக்காரர் அவரோடு சேர்ந்து தொழில் செய்கிறவர். எடுக்காமல் ஆசிரியர் விஷயத்தை மட்டும் விசாரித்தால் எனக்குத் தூக்கம் வராது.

பீனிக்ஸ்_காரன்_தான்

அந்தப் பையன் விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. எங்கள் தெருவில் அப்படி நடக்கவில்லை. பக்கத்துத் தெருவில் என்ன நடந்தது என்று நான் போய்ப் பார்க்கவில்லை, அதுவும் உண்மை. அவர் தன்னையும் சேர்த்து எழுதினார் என்றால் அதை அந்தப் பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள், அவர் மன்னிப்புக் கேட்கவில்லை என்று நான் சண்டை போட மாட்டேன். நேரில் வந்தால் பேசலாம், ஃபேஸ்புக்கில் வேண்டாம். என் பையனையும் அந்த வகுப்புக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு இருந்தது, பார்ப்போம்.

மாரிட்ஸ்பர்க்_வக்கீல்

கூட்டத்துக்கு முன்னால் மூன்று வேலை. கோவிலின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், பழைய பீரோவில் எங்காவது இருக்கும். நம் கோவில்கள் பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் சங்கங்கள், அந்த விதிமுறைதான் உறுப்பினர்களுக்குள் ஒப்பந்தம். தொண்டரை நிறுத்த என்ன வழி என்று அதில் இருந்தால் அந்த வழியில்தான் போக வேண்டும். இல்லாவிட்டாலும், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவர் பதிலைக் கேட்டு, அப்புறம்தான் முடிவு. ஆளையே கூப்பிடாமல் கையெழுத்துத் தாளை வைத்து நீக்கினால் அவர் உயர் நீதிமன்றம் போகலாம், செலவு கோவில் உண்டியலிலிருந்து போகும். இதை முதலில் சொல்லுங்கள், டிரஸ்டிகளுக்கு உண்டியல் பாஷை உடனே புரியும்.

இரண்டாவது, ஆடியோவை நீங்கள் எடுக்க வேண்டாம். கமிட்டி உறுப்பினர், டிரஸ்டி, ஆசிரியர், தொண்டர் எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே சமூக ஊடக விதி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். கோவில் பெயரையும் படத்தையும் சொந்தக் கருத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, கோவில் குழுக்களில் எந்த இனத்தையும் இழிவுபடுத்தக் கூடாது, மீறினால் என்ன நடவடிக்கை என்று. அதை முன்மொழிந்ததும் யாராவது ஒருவர் "போன வருஷம் வந்ததே, அதுவும் இதில் சேருமா" என்று கேட்பார். இருநூறு பேர் கேட்டது, ஒருவராவது கேட்பார். தமிழ் வாசிக்கத் தெரிந்த அந்த ஐயாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

2024 மே மாதம் அதிபர் கையெழுத்திட்ட வெறுப்புக் குற்றங்கள், வெறுப்புப் பேச்சுச் சட்டத்தையும் குறிப்பிடுங்கள். அதன்படி வெறுப்புப் பேச்சு குற்றவியல் வழக்காகும், ஐந்து வருஷம் வரை சிறை என்று எழுதியிருக்கிறது. நடைமுறைத் தேதியை அதிபர் அறிவிக்க வேண்டும், ஆனால் வாட்ஸாப் குழு நிர்வாகிகள் இப்போதே விழித்துக்கொள்வது நல்லது. சொந்த முறையில் எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் மனத்தாங்கல் உண்டு, பேச்சுக்குச் சிறை என்ற கதவைத் திறந்தால் நாளை எந்த அரசு வந்து அதை எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரியாது. அபராதம், மன்னிப்பு, சமூக சேவை என்று சமத்துவ நீதிமன்றம் கொடுப்பதே போதும் என்பது என் கட்சி. அது வேறு சண்டை, இங்கே வேண்டாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் மினிட்ஸில் எழுதுங்கள். செயலாளர் நீங்கள்தானே.

வெருலம்_பையன்

சரி, விதி எல்லாருக்கும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த ஆடியோவைப் போட்டவரே விதியை எழுதும் குழுவில் உட்காருவார், பாருங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் ஆனது.

கோட்டாறு_மருமகள்

அதற்குத்தான் ஐயாவிடம் பேசப் போகிறேன். விதிமுறைப் புத்தகம் கிடைத்துவிட்டது, 1980களில் தட்டச்சு செய்தது, தொண்டரைப் பற்றி ஒரு வரி இல்லை, ஆனால் "கோவிலுக்கு அவப்பெயர் உண்டாக்கும் எந்த உறுப்பினரையும்" விசாரிக்கலாம் என்று இருக்கிறது. டிரஸ்டியும் உறுப்பினர்தானே, வக்கீல் அம்மா?

மாரிட்ஸ்பர்க்_வக்கீல்

சந்தா கட்டியிருந்தால் உறுப்பினர்தான். ரசீதுப் புத்தகத்தைப் பாருங்கள்.